பார்க்காமல் விட்ட மூன்று பௌர்ணமிகள்

மேகலா இறந்துவிட்டார் என்று நம் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்ததும் நான் முதலில் என்ன செய்தேன் என்று உங்களிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எங்கள் படங்களைச் சேமித்துவைத்த அவர் வீட்டு சர்வர் கணினி ஓடுகிறதா என்று செல்போனில் பார்த்தேன். ஓடியது. அதன் பிறகுதான் அழுதேன்.

வேங்கிக்கால் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசைக்காரர். உங்களுக்கெல்லாம் கோப்புகளில் கெட்டிக்காரர். எனக்கு, விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியில் ஏற்றும் லினக்ஸ் மேலிருந்த பைத்தியத்தில் கூட்டாளி. இருவருக்கும் ஒன்றும் தெரியாது, தட்டுத்தடுமாறித்தான் கற்றோம். அவருடைய பழைய லேப்டாப்பில் முதன்முதலாக லினக்ஸ் ஏற்றிய அன்று, தவறான டிஸ்கைத் தேர்ந்தெடுத்து அவர் கல்யாணப் படங்கள் மொத்தத்தையும் அழித்தேன். "போனது என்னுதுதானே, விடுங்க சங்கர். உங்களுது போகாம பாத்துக்கலாம்" என்றார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த லேப்டாப்பே பிறகு அடி அண்ணாமலையில் அவர் வீட்டு சர்வர் ஆனது. என் மகள் பிறந்தது முதல் எடுத்த படங்களெல்லாம் அதில்தான். நகல் மட்டும் என் வீட்டுக் கணினியில். அதை அவரும் தன் வீட்டிலிருந்தே திறக்கலாம். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் அவரால் தெருவைத் தாண்ட முடியாது என்பதால் அதுவே நகல் சரியாகத் திறக்கிறதா என்று பார்க்கும் எங்கள் சோதனை நாள். "பேக்கப் எடுத்தா மட்டும் பத்தாதுங்க. திருப்பி எடுத்துப் பாக்கணும்" என்பார். மாலையில் போன் வரும்: "பாத்துட்டீங்களா?" கடைசி மூன்று பௌர்ணமிகளிலும் "பாத்துட்டேன்" என்றேன். பார்க்கவில்லை. சோம்பல், வேறென்ன.

அவர் போன மூன்றாம் நாள் சர்வர் நின்றது. துக்கத்துக்கு வந்த யாரோ போன் சார்ஜ் போடப் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள்; அந்தப் பழைய லேப்டாப்பின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. மறுபடி எழுப்பக் கடவுச்சொல் வேண்டும். அது அவர் மனதில் மட்டுமே இருந்தது. மிச்சம் என் வீட்டு நகல்தான். அது திறக்காவிட்டால்? கணினி முன்னால் உட்காருவேன், எழுந்துவிடுவேன். ஒரு வாரம் இப்படியே போனது. அந்த வீட்டில் அழுகை ஓயவில்லை, நான் படங்களை நினைத்துத் தவித்துக்கொண்டிருந்தேன். என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

நேற்றுதான் துணிந்து திறந்தேன். மகளின் படங்கள் ஒன்று விடாமல் வந்தன. கூடவே, நாங்கள் சோதனைகளைக் குறித்துவைக்கும் கோப்பும். கடைசி மூன்று பௌர்ணமிக்கும் மேகலா ஒரே குறிப்பை எழுதியிருந்தார்: "சங்கர் பாத்துட்டேன்னார். பாக்கல. நானே பாத்துட்டேன்."

அவர் கல்யாணப் படம் ஒன்றுகூட இப்போது யாரிடமும் இல்லை. என்னிடம் இருப்பது இந்தக் குறிப்புகள்தான். வருகிற பௌர்ணமிக்குப் போன் வராது. பார்த்துவிட்டு, அவற்றுக்குக் கீழே நான்தான் எழுத வேண்டும்.