வாசலில் விடாத இடத்துக்கு மூலக்குளத்திலிருந்து போனோம்

பிரான்சில், தூலூஸ் நகரத்தில், என் சாப்பாட்டுக் கடை வாசலில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் என் மகள் மலர் வேலை செய்யும் விமான ஆய்வுக்கூடம் வந்துவிடும். இத்தனை வருஷத்தில் அதன் வாசலைத் தாண்டி நான் ஒரு அடி வைத்ததில்லை. கடைசியில் உள்ளே போனது எங்கிருந்து தெரியுமா? புதுச்சேரி மூலக்குளத்தில், என் அக்கா வீட்டுக் கூடத்தில், கைலி கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருந்த ஒரு குடும்பத்துக்குச் சமையல்காரனாக விமானம் ஏறினேன். இன்று என் கடை மீன் குழம்புக்கு வெள்ளைக்காரர்கள் மழையில் குடை பிடித்து நிற்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, பெருமைதான், சொல்லக்கூடாதா? அப்படிப்பட்டவன் ஒருநாள் மலருக்குப் பிடித்த வஞ்சிர வறுவலை டிபன் கேரியரில் எடுத்துக்கொண்டு அந்த வாசலுக்குப் போனேன். காவலாளி "ராந்தேவூ?" என்றான். முன்கூட்டியே நேரம் வாங்கியிருக்கிறாயா என்று கேட்கிறான். மகளைப் பார்க்க அப்பனுக்கு எதற்கு நேரம் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விளக்கினேன். அவன் கேரியரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மிக மரியாதையாக, "கேன்டீன் சாமான் இறக்குவது பின்வாசல், முஸியே" என்று கை காட்டினான். நானும் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். அங்கேயும் கதவு மூடியிருந்தது. நம் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் பிள்ளைக்குச் சோறு கொண்டுவருகிறவனைப் பார்த்தால் கூடைக்காரிகள் கூடையை நகர்த்தி வழிவிடுவார்கள்.

மலரின் அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் அக்கரையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த காலத்தில் குழந்தையை வளர்த்தது அக்காதான். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றுக்கொண்டே வளர்த்தாள். மலரைப் பன்னிரண்டு வயதில் நான் வந்து கூட்டிப்போனபோது, படித்துவிட்டுத் திரும்பி வருவாள் என்று அக்கா அவளுடைய மாடி அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள். வாரம் ஒருமுறை திறந்து பெருக்குவாள், மறுபடி பூட்டுவாள். போன வருஷம் மலர் போனில் சொல்லிவிட்டாள்: "அத்தை, நான் இங்கயே இருந்துடறேன். ரூமை யாருக்காவது குடுத்துடு." அக்கா கோபப்படவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "அவ நிக்கிற எடத்தை என் கண்ணால பாக்காம குடுக்க மாட்டேன்." இருதய ஆபரேஷன் ஆனவள், விமானம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஆய்வுக்கூடத்தை இணையத்திலேயே சுற்றிப் பார்க்கலாம் என்று மலர்தான் வழி சொன்னாள். நான் இந்த முறை ஊருக்கு வந்ததே அதற்காகத்தான்.

கம்ப்யூட்டரை டிவியில் மாட்டினேன். யாரும் சொல்லித்தரவில்லை, நானே பழகியது. தரையில் இருக்கும் அம்புக்குறியை அழுத்தினால் நாம் நடந்துபோகிற மாதிரி படம் நகர்கிறது. முதலில் காற்றுச் சுரங்கம். வீடு உயரத்துக்கு ஒரு மின்விசிறி. அதன் முன்னால் சின்ன விமானத்தை நிறுத்திக் காற்றை விட்டுப் பார்ப்பார்கள் என்று, ஏதோ நானே கட்டியதுபோல விளக்கினேன். "இவ்ளோ பெரிய ஃபேன் இருந்தா கரண்ட் பில்லு எவ்ளோ ஆவும்?" என்றாள் அக்கா. அடுத்தது இறக்கையைச் சோதிக்கும் கூடம். இறக்கை முழுக்க வட்ட வட்டமாக மஞ்சள் கறுப்பு ஒட்டுகள், கேமரா குறிபார்க்க. ஈ காக்கை இல்லை.

"ஆயுத பூஜையாடா இன்னிக்கு? பொட்டு வச்சிட்டு எல்லாம் வூட்டுக்குப் போயிட்டாங்களா?"

படம் எடுக்க ஆட்களை ஒதுக்கியிருப்பார்கள் என்றேன். மலருடைய வேலையே இங்கேதான், இறக்கையை வளைத்து வளைத்து எப்போது முறிகிறது என்று பார்ப்பது என்றேன். "முறிக்கவா இத்தனை படிப்பு?" என்றாள். முறியும் இடம் தெரிந்தால்தானே மேலே போகிறவர்கள் பத்திரமாக இறங்க முடியும் என்று சொன்னேன். அக்கா திரையில் அந்தக் கூடத்தை மூலைக்கு மூலை தேடினாள். "ஒரு மனுசர் இல்லாத எடத்துலயா எம்புள்ள கெடக்கிறா?" என்றாள் பிறகு. சாவியைச் சொருகியிருந்த இடத்தில் கை இருந்தது. வந்த காரியம் கெட்டது என்று நினைத்துக்கொண்டே அடுத்த அம்பை அழுத்தினேன்.

அங்கே, தூரத்தில், கண்ணாடி அறைக்கு வெளியே மூன்று பேர் நின்றிருந்தார்கள். மூவருக்கும் வெள்ளைக் கோட்டு, தலையில் கவசம். அடையாளம் தெரியக்கூடாது என்று முகங்களைக் கலைத்துவிட்டிருந்தார்கள். பெற்றவன் எனக்கே ஆணா பெண்ணா என்று விளங்கவில்லை.

"நிறுத்துடா. அதோ மலரு."

எப்படிச் சொல்கிறாய் என்றேன். "காலைப் பாருடா," என்றாள். நடுவில் நின்ற உருவம் ஒரு காலை மடக்கி மற்றக் காலின் ஆடுசதையில் ஊன்றி, கொக்கு மாதிரி நின்றிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு மார்க்கெட்டுக்கு வந்தால் மலர் அப்படித்தான் நிற்பாளாம். மீன் கழுவின தண்ணீர் எப்போதும் தரையில் ஓடும். ஒரு காலாவது நனையாமல் இருக்கட்டும் என்று. அந்த வருஷங்களில் நான் இங்கே இல்லை, எனக்கு எப்படித் தெரியும்?

"அங்கயும் தரை ஈரமாடா?"

"இல்லக்கா. சோறு போட்டுச் சாப்பிடலாம், அப்படி இருக்கும்."

கிட்டப் போய்ப் பார்க்கலாம் என்று அம்பை அழுத்தினேன். ஆட்கள் மறைந்து வெறும் கூடம் வந்தது. "போயிட்டா பாரு," என்று அக்கா பதறினாள். பின்னால் வந்தேன், மலர் மறுபடி நின்றாள். அப்புறம் நான் அம்பைத் தொடவேயில்லை. அக்கா முகமில்லாத அந்தப் பிள்ளையை வெகுநேரம் பார்த்தாள். "பக்கத்துல இருக்கிறவ அவ தோள்ல கை போட்டிருக்கா," என்றாள். "நல்லாத்தான் நிக்கிறா." இடுப்பிலிருந்து சாவியை உருவி என் கையில் வைத்தாள். "இன்னொண்ணு பீரோல இருக்குது, குடி வர்றவங்களுக்கு அது போதும். இதை அவகிட்ட குடு. பூட்டை மாத்த மாட்டேன்னு சொல்லு."

தூலூஸ் திரும்பி, சாவியை மலரிடம் கொடுத்து, அத்தை பூட்டை மாற்ற மாட்டாளாம் என்று சொன்னேன். அறையைக் கொடுக்கச் சொன்னவள், அத்தை சம்மதித்ததற்குச் சிரிப்பாள் என்று பார்த்தால், அழுதுவிட்டுத்தான் சிரித்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புப் படிக்கும் ஒரு பெண் இப்போது அக்கா வீட்டு மாடி அறையில் இருக்கிறாள். காலையில் சில நாள் நான் மலருடன் பஸ்ஸில் போய் அந்த வாசல்வரை விட்டுவிட்டு வருகிறேன். கழுத்துக் கயிற்றில் தொங்கும் அட்டையை அவள் இயந்திரத்தில் காட்டுகிறாள். கதவு திறக்கிறது. அதே கயிற்றில் கோத்த மூலக்குளத்துச் சாவி கதவுக் கம்பியில் இடித்து ஒலிக்கிறது. காவலாளி இப்போது எனக்கு "போன்ழூர், முஸியே" என்று வணக்கம் சொல்கிறான். நான் வெளியே நின்று, அந்தச் சத்தம் உள்ளே போய்த் தேய்கிறவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.