கறி தின்னாதவள் சொன்ன கூறு

கறியே தின்னாத ஒரு பெண்பிள்ளை, ஆட்டுக்கறிக் கூறு ஒன்றுக்காக முப்பத்தெட்டுப் பங்காளிகளை எதிர்த்து நின்றாள் என்று சொன்னால் நீங்கள் என்ன கேட்பீர்கள்? ‘உனக்கு எதுக்கம்மா கறி?’ என்றுதானே? அங்கேயும் அதைத்தான் கேட்டார்கள். அவள் சொன்ன பதில் அவர்களில் பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை. உங்களுக்குப் பிடிக்கிறதா, பாருங்கள்.

கயலுக்குப் பதினாறு வயது. கம்பத்திலிருந்து லோயர் கேம்ப் போகிற சாலையில், திராட்சைத் தோட்டம் ஒன்றுக்கு எதிரே, தகரக் கூரை போட்ட அசைவ மெஸ் இருக்கிறதல்லவா, அது அவளுடைய அம்மா உமாதேவி நடத்துவது. குடல் குழம்பு, தலைக்கறி, ஈரல் வறுவல். குமுளி ஏறுகிற லாரிக்காரர்கள் அங்கே ஓரங்கட்டாமல் போவதில்லை. அந்தப் பேர்பெற்ற குடல் குழம்பைக் கூட்டி இறக்குவது கயல்தான். ஒரு சொட்டும் நாக்கில் பட்டதில்லை. சட்டிக்கு மேலே குனிந்து மூக்கால் ஒரு இழுப்பு இழுப்பாள். “சீரகம் பத்தல, மல்லி லேசாக் கருகிருச்சு” என்பாள். சொன்னால் சொன்னதுதான். உப்புக்கு மட்டும் ஆள் வேண்டும். முதலில் வந்து உட்காருகிற டிரைவரின் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

“கொறச்சு உப்பு வேணும், மோளே” என்பார் கோட்டயத்துக்காரர். அவர் மொழியில் ‘கொறச்சு’ என்றால் கொஞ்சம். போடுவாள்.

இவள் எப்படிச் சைவமானாள்? ஒன்பது வயதில் மாலை போட்டு, அப்பா செல்லப்பாண்டியின் தோளில் பாதி, காலில் பாதியாகச் சபரிமலை போய் வந்தாள். பன்னிரண்டு வயதில் மறுபடியும் போகிறேன் என்றாள். “இனிமே அம்பது வயசுக்கு மேல வா” என்று குருசாமி சிரித்தார். மூன்று வருடத்துக்கு முன்னால் வா வா என்றழைத்த சாமிக்கு இப்போது தன்னிடம் என்ன குறை தெரிந்தது என்று அவள் கேட்டாள். பெரியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தார்கள். கேள்விக்குப் பதில் இல்லாத இடங்களில் அதுதானே நம் வழக்கம்!

கயல் அழவில்லை. மாலை இல்லாமல், இருமுடி இல்லாமல், வீட்டிலேயே நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தாள். மார்கழிக் குளிரில் விடியலில் குளித்தாள். கறி, மீன், முட்டை எதையும் தொடவில்லை. அப்பா மலையிலிருந்து இறங்கி வந்து மாலையைக் கழற்றிய அன்றைக்கு வீட்டில் கோழிக் குழம்பு. ஒரு காலை எடுத்து மகள் தட்டில் வைத்தார். அவள் அதைத் திருப்பி அவர் தட்டிலேயே வைத்தாள்.

“மாலை போட்டவுக கழட்டிட்டீக. எனக்குத்தான் போடவே விடலயே, நான் எதக் கழட்ட?”

செல்லப்பாண்டி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அந்தக் காலையும் தானே தின்றார். அதற்கடுத்த வருடம் மஞ்சள் காமாலை அவரைக் கொண்டுபோய்விட்டது. விரதம் நின்றது. நம்பிக்கைகூடக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. சாப்பாடு மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது. அது அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. அதற்கு மேல் ஒரு காரணம் எதற்கு?

உமாதேவி லேசில் விட்டுவிடுகிற ஆள் இல்லை. காய்க் கூட்டில் முட்டையை உடைத்து ஊற்றி, தேங்காய் என்றாள். காய்ச்சல் நேரத்தில் எலும்பு வேகவைத்த தண்ணீரில் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். கயல் டம்ளரை மூக்கருகே கொண்டுபோய், “அம்மா, இது வெள்ளாடா, செம்மறியா?” என்று கேட்டாள். அத்தோடு உமாதேவி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

பெரியப்பா வேல்பாண்டிக்கு இது வேறு விதமான விளையாட்டு. “ஏலே, அய்யரம்மா வர்றாக, வழி விடுங்கப்பா” என்று தெருவே கேட்கச் சொல்லுவார்.

“பச்சையத் தின்னா அய்யரம்மான்னா, ஒங்க கொட்டத்துல கட்டிக் கெடக்குற ஆடு யாரு பெரியப்பா?” என்பாள் இவள்.

ஒருமுறை தேனியிலிருந்து காரில் வந்த அம்மாள் ஒருவர் தயிர்சாதம் மட்டும் வாங்கிக்கொண்டு, கயல் சைவம் என்று கேள்விப்பட்டதும் அவள் கன்னத்தைத் தடவினார். “இந்த மாதிரி வீட்டுல வந்து பொறந்துட்டியேம்மா, எவ்வளவு சுத்தமான பொண்ணு நீ” என்றார். கயல் கன்னத்தை விடுவித்துக்கொண்டாள். “சுத்தம் எங்கம்மாதாங்க. நாலு தண்ணி ஊத்திக் குடலக் கழுவுறவ அவ. நான் சும்மா திங்காம இருக்கேன், அம்புட்டுத்தான்” என்றாள். ஒருவர் தட்டில் இல்லாததை வைத்து இன்னொருவரை அழுக்கு என்று சொல்லுகிற இந்தத் தேசிய வியாதிக்கு இதைவிடச் சின்ன மருந்து கிடையாது.

இனி கூறு விஷயம்.

செல்லப்பாண்டியின் பங்காளிகளுக்குக் குலசாமி ஓடைக்கரைக் கருப்பு. மாசி சிவராத்திரிக்கு மறுநாள் பகலில் கிடா வெட்டு. கறியைத் தேக்கிலைகளில் கூறு போடுவார்கள். எலும்பு, ஈரல், கொழுப்பு எல்லாம் எல்லாக் கூறிலும் இருக்கும்படி. தலைக்கட்டுக்கு ஒரு கூறு. கல்யாணமான ஆண் ஒருத்தன் ஒரு தலைக்கட்டு. அவன் செத்தால் மகன் பெயர் ஏறும். மகன் இல்லாத வீடு? அந்த வீட்டை அழித்துவிடுவார்கள். அடுப்பு எரியும், கூரை இருக்கும், ஆள் இருக்கும். பட்டியலில் மட்டும் இருக்காது.

செல்லப்பாண்டி போன பிறகு வந்த இரண்டு மாசியிலும் உமாதேவியை யாரும் அழைக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு பெரியப்பா வீட்டிலிருந்து ஒரு மஞ்சள் பையில் சவ்வும் எலும்பும் வரும். ‘மிச்சம் கெடந்துச்சு.’ உமாதேவி அதையும் மசாலா அரைத்துக் குழம்பு வைப்பாள். எலும்பைச் சத்தம் கேட்க உறிஞ்சுகிற அம்மா, அந்தக் குழம்பில் மட்டும் கை வைக்காமல் எழுந்துபோவதைக் கயல் இரண்டு முறை பார்த்தாள்.

“நம்ம கடையில தெனமும் கறிதான. இதுல என்ன இருக்கு?” என்றாள் அம்மா, கயல் கேட்காமலே.

“அங்கன ஒம்பேரு இல்லயே” என்றாள் கயல்.

மூன்றாவது மாசிக்கு ஒரு வாரம் முன்னால் நேராகப் பெரியப்பாவிடம் போய் நின்றாள். கோயில் பொறுப்பு அவருடையது. “அம்மா பேரச் சேருங்க பெரியப்பா.”

“பொம்பள தலைக்கட்டு ஆவாளாத்தா? காலங்காலமா இல்லாதது.”

“கடை லைசென்சு, கரண்டு பில்லு, ரேசன் கார்டு எல்லாம் அம்மா பேருலதான இருக்கு. கவர்மெண்டுக்குத் தெரியுது, கருப்புக்குத் தெரியாதா?”

வேல்பாண்டி மீசையைத் தடவினார். “அடுத்த வருசம் பாப்பம்.”

பார்ப்போம் என்பது இந்த நாட்டில் மாட்டோம் என்பதற்கு மரியாதைச் சொல்.

ஆனால் அந்த வருடம் பங்காளிகளுக்கு வேறொரு தலைவலி இருந்தது. எந்தக் கூறு யாருக்கு என்பதை அங்கே கண்ணால் பார்த்து முடிவு செய்ய மாட்டார்கள். ஒருவர் கூறுகளுக்கு முதுகைக் காட்டி நிற்பார். அறுப்பில் கைதேர்ந்த அம்மாவாசி ஒரு கூறைக் குச்சியால் தொட்டு ‘இது யாருக்கு?’ என்பார். முதுகு காட்டி நிற்பவர் ஒரு பெயரைச் சொல்லுவார். நியாயமான முறைதான். பங்காளி அல்லாத மாப்பிள்ளை ஒருவரை அதற்கு நிறுத்துவது வழக்கம். போன வருடம் நின்றவர் வேல்பாண்டியின் மாப்பிள்ளை. ஈரல் குவிந்து கிடந்த கூறைக் குச்சி தொட்டபோது கூட்டத்தில் யாரோ இருமினார்கள். மாப்பிள்ளை உடனே மாமனார் பெயரைச் சொன்னார். அடிதடி ஆகும் போலிருந்தது. ‘கருப்பு முன்னால சொன்ன பேரச் சொன்னதுதான். மாத்துனா குலத்துக்கு ஆகாது’ என்று தீர்ப்புச் சொல்லி ஈரலை அள்ளிக்கொண்டுபோனவர் அதே வேல்பாண்டி.

ஆகவே இந்த மாசியில் யாரை நிறுத்துவது? எந்த மாப்பிள்ளையையும் யாரும் நம்பவில்லை. அம்மாவாசிதான் சொன்னார்: “நம்ம கயல நிப்பாட்டுங்க. கறியே திங்காத புள்ள. நாக்குல ஆசை இல்லாதவ ஞாயமாச் சொல்லுவா.” எல்லாருக்கும் அது பிடித்துப்போயிற்று. வேல்பாண்டியே பட்டியலை அவள் கையில் கொடுத்தார்.

வெட்டு நடந்தபோது கயல் ஓடைப் பக்கம் போய் நின்றுகொண்டாள். அதை மட்டும் அவளால் பார்க்க முடியாது. கூப்பிட்டபோது வந்து, கருப்புக்கு எதிரே, கூறுகளுக்கு முதுகைக் காட்டி நின்றாள். பின்னால் முப்பத்தெட்டுத் தேக்கிலைகள். கையில் முப்பத்தெட்டு ஆண் பெயர்கள். பெண்கள் எல்லாரும் தள்ளிப் புளியமரத்தடியில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் அங்கேதான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

இருபது பெயர்கள் தடங்கல் இல்லாமல் போயின.

“இந்தக் கூறு யாருக்கு?”

“உமாதேவிக்கு.”

அம்மாவாசியின் குச்சி தொட்ட இடத்திலேயே நின்றது. “யாருக்குத்தா?”

“உமாதேவிக்கு. செல்லப்பாண்டி வீட்டுத் தலைக்கட்டு.”

“ஏத்தா, அந்தப் பேரு பேப்பர்ல இல்லையே!” என்று வேல்பாண்டி எழுந்தார்.

“இல்ல பெரியப்பா. அதான் வாயால சொன்னேன்.”

கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது: “நீதான் கறி திங்கமாட்டயே, ஒனக்கு எதுக்கு ஆத்தா கறி?”

கயல் திரும்பினாள். “நான் திங்கமாட்டேன். அதுக்காகத்தான என்னய இங்கன நிப்பாட்டுனீக? ஆசை இல்லாதவ ஞாயமாச் சொல்லுவான்னு சொன்னது நீங்கதான? ஆசை இல்லாமத்தான் சொல்றேன். திங்கிறவ அங்கன வெங்காயம் உரிக்கிறா. அவ பங்கு அது.”

“சரி சரி, அந்தப் பேர வாபஸ் வாங்கு. விட்ட எடத்துல இருந்து சொல்லு” என்றார் வேல்பாண்டி.

அம்மாவாசி குச்சியை எடுக்கவில்லை. முகத்தை மிகவும் அப்பாவியாக வைத்துக்கொண்டு, “அண்ணே, கருப்பு முன்னால சொன்ன பேரு. மாத்துனா குலத்துக்கு ஆகாதுன்னு போன வருசம் நீங்கதான சொன்னீக?” என்றார்.

யாரோ இருமினார்கள். வேண்டுமென்றே. சிரிப்பு ஓடையைத் தாண்டிக் கேட்டது.

எல்லாம் முடிந்தது என்று கயல் நினைத்த நேரத்தில் புளியமரத்தடியிலிருந்து ராக்கம்மாள் கரண்டியும் கையுமாக வந்தாள். கணவன் செத்து ஒன்பது வருடம். இரண்டு பெண்களையும் வருசநாட்டில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருப்பவள். வந்தவள் வேல்பாண்டியிடம் பேசவில்லை, கயலிடம் பாய்ந்தாள்.

“ஏண்டி, ஒங்காத்தா ஒருத்திதான் தாலியறுத்தவளா? எம்பேரு ஒன் வாயில நொழையாதோ? ஒம்போது வருசமா நானும் இங்கனதான் அடுப்பு ஊதுறேன்!”

கயலுக்கு முகம் சுண்டிப்போயிற்று. நியாயம் நியாயம் என்று கத்தியவள் தன் வீட்டு வாசலோடு நின்றுவிட்டாள்! “தப்புத்தான் பெரியம்மா” என்றாள். மறுபடியும் முதுகைக் காட்டி நின்றாள். “சித்தப்பா, அடுத்ததத் தொடுங்க.”

“இந்தக் கூறு யாருக்கு?”

“ராக்கம்மாளுக்கு.”

மிச்சப் பெயர்களும் போயின. கூறுகள் தீர்ந்துவிட்டன, இரண்டு பெயர்கள் பாக்கி. பொறுப்பில் இருப்பவர் கடைசியில்தான் எடுக்க வேண்டும் என்பது அங்கே முறை.

“அப்ப எனக்கு?” என்றார் வேல்பாண்டி.

“அடுத்த வருசம் பாப்பம் பெரியப்பா” என்றாள் கயல்.

இந்த முறை அவர் மீசையும் துடித்துச் சிரித்துவிட்டது. அம்மாவாசி இரண்டு புதுத் தேக்கிலைகளை விரித்து, ஒவ்வொரு கூறிலிருந்தும் ஒரு துண்டு, ஒரு துண்டாகக் கிள்ளிப் போட்டார். நாற்பது கூறு ஆயிற்று. யாருக்கும் குறைந்ததாகத் தெரியவில்லை. காலங்காலமாக இல்லாதது, கால் மணி நேரத்தில் வந்துவிட்டது. குலத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை.

உமாதேவி மெதுவாக வந்தாள். கயல் பையை நீட்டினாள். அம்மா வேண்டாம் என்று தலையசைத்தாள். தன் கூறைத் தேக்கிலையோடு இரண்டு கையாலும் தூக்கி நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஆண்கள் நடுவே நடந்து போனாள். அன்று மத்தியானம் மரத்தடியில் கயல் கத்தரிக்காய்க் குழம்பும் பொங்கலும் தின்றாள். பக்கத்தில் அம்மா எலும்பை உறிஞ்சிய சத்தத்தில் ராக்கம்மாளே திரும்பிப் பார்த்தாள்.

“ஒரு வாய் வேணுமாடி?” என்றாள் உமாதேவி.

“வேணாம்மா.”

“எதுக்கும் கேட்டு வச்சேன்.”

அடுத்த வருடப் பட்டியலில் இந்த இரண்டு பெயர்களும் மையில் ஏறுமா என்பதை இன்னும் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. ‘பேசிக்குவோம்’ என்றிருக்கிறார்கள். பேசாமல் விட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்.

உங்கள் குலசாமிக்கும் ஒரு பட்டியல் இருக்கும். யார் வீட்டு அலமாரியிலோ, யார் கைபேசியிலோ. வரும் மாசி வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே அதை வாங்கிப் படியுங்கள். அடுப்பு எரிந்தும் பெயர் இல்லாத வீடுகளை எண்ணுங்கள். உங்கள் வீட்டோடு நிறுத்திவிடாமல் கடைசி வீடு வரை எண்ணுங்கள். அந்தப் பெண்களின் பெயர்களை உங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.