சிறைக்குப் போன பயத்தம் பணியாரம்

என்னைச் சிறைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி ஒரு வாரம் அழுதிருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. சூரிச்சில் என் வகுப்புப் பிள்ளைகள் பனிச்சறுக்கப் போகிறோம், இத்தாலிக் கடற்கரைக்குப் போகிறோம் என்று அளந்துகொண்டிருந்தார்கள். நாங்களோ அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருந்தவர்கள். டிராமில் கடைசித் தரிப்பு வரை போய்த் திரும்புவதுதான் எங்களுடைய சுற்றுலா. இந்த நிலையில், ஒரே நாளில் ஒரு பட்டாள முகாமையும் ஒரு சிறைச்சாலையையும் பார்க்கலாம் என்று தெரிந்தால் தலைகால் புரியுமா?

நாங்கள் குடியிருந்தது ஒரு யூதக் குடும்பத்தின் பேக்கரிக்கு மேலே இரண்டு அறைகளில். அப்பாவுக்கு அந்தப் பேக்கரியிலேயே வேலை. மாப் பிசைவார், தட்டுகளைத் தூக்குவார், தரை கழுவுவார். காலையில் அடுப்பை மூட்டுவது மட்டும் முதலாளியின் கை. அது அவர்களுடைய சமய ஒழுங்கு. "வேலை முழுக்க நான், நெருப்பு மட்டும் அவர்" என்று அப்பா மேலே வந்து சிரிப்பார். முதலாளியை நான் பேக்கரி அங்கிள் என்றும் அவருடைய மனைவியைப் பேக்கரி அன்ரி என்றும் கூப்பிட்டேன். அவர்களும் தங்கள் வாய்க்கு வந்த மாதிரி என் பெயரைக் கூப்பிட்டார்கள். அதில் யாருக்கும் குறையில்லை.

குளிர் முடிகிற நேரத்தில் அவர்களுக்குப் பூரிம் என்று ஒரு பெருநாள் வரும். ஓர் அரசி தன் சனத்தை அழிவிலிருந்து காப்பாற்றிய நாளாம். பிள்ளைகள் வேஷம் போடுவார்கள், ஒருவருக்கொருவர் தின்பண்டம் அனுப்புவார்கள். அன்று பொழுது படுவதற்குள் அது போய்ச் சேரவேண்டும். பேக்கரி அங்கிள் ஒவ்வொரு பெருநாளுக்கும் நகருக்கு வெளியே இருந்த சிறைக்குப் பொதிகள் கொண்டுபோவார். அங்கே அவர்களுடைய ஆட்கள் சிலர் இருந்தார்கள். அந்த வருடம் அவருடைய மகன் சுவிஸ் பட்டாளத்தில் பயிற்சிக்குப் போயிருந்ததால், முகாமிலிருந்த யூதப் பையன்களுக்கும் பொதி போவதாக ஏற்பாடு. பொதி கொடுக்க ஓர் அரசி வேண்டும் என்றார் பேக்கரி அன்ரி. அவர்களுடைய பிள்ளைகள் எல்லோரும் வளர்ந்துவிட்டார்கள். நான் கையை உயர்த்திய வேகத்தில் தோள்மூட்டு கழன்றிருக்க வேண்டும்.

அப்பா யோசித்தார். அம்மா முடியாது என்றார். அதனால்தான் அந்த ஒரு வார அழுகை. கடைசியில் அம்மா இறங்கி வந்தது எனக்காக அல்ல. பொதி கட்ட ஆள் போதாது என்று பேக்கரி அன்ரி அவரையும் கீழே கூப்பிட்ட பிறகுதான்.

பேக்கரியின் பின்னறையில் இரண்டு மேசைகள் போட்டிருந்தார்கள். நீல ரிப்பன் பட்டாளத்துக்கு, மஞ்சள் ரிப்பன் சிறைக்கு. முக்கோணமாக மடித்துக் கசகசா வைத்துச் சுட்ட பலகாரம், சொக்லேட், ஒரு தோடம்பழம். பட்டாளக்காரருக்கு ஒரு குட்டி வைன் போத்தல். சிறையில் அது ஆகாது என்பதால் அங்கே திராட்சைச் சாறு. அம்மா நேராக மஞ்சள் மேசைக்குப் போய் நின்றார். நீல மேசைப் பக்கம் திரும்பவேயில்லை.

"ஆமிக்காரனுக்கு நான் பொதி கட்டுறதோ? என்னால ஏலாது" என்றார் அப்பாவிடம்.

"இஞ்சேரும், இது இந்த நாட்டு ஆமி. எங்களை ஒண்டும் செய்யேல்லையே."

"ஆமி ஆமிதான். நீங்கள் கட்டுங்கோ."

அப்பா வேலை முடிந்து வந்து நீலப் பொதிகளைக் கட்டினார். எனக்கோ அம்மாவை நினைக்க வெட்கமாக இருந்தது. எங்கள் ஊரில் ஆமி வந்தால் கட்டிலுக்குக் கீழே போகவேண்டும் என்பது எனக்கும் நினைவிருந்தது, அது சரி. ஆனால் கள்ளர்மேல் இவ்வளவு பாசமா? மஞ்சள் பொதியில் ரிப்பன் கோணலாகிவிட்டால் அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். தோடம்பழங்களை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்து நல்லதாகத் தேர்ந்தார். எனக்குக் கூட அவர் அப்படித் தேர்ந்து தந்ததில்லை.

அப்படிக் கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் கேட்டார்: "பிள்ளை, சிறைக்கு இவை என்னெண்டு சொல்லுறவை?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான்தான் எங்கள் வீட்டின் மொழிபெயர்ப்பாளர். டொக்டரிடம், அகதி அலுவலகத்தில், கடையில், எங்கே போனாலும் அம்மாவின் வாய் நான்தான். அம்மாவிடம் இருந்த ஜெர்மன் ஒரு கைப்பிடிதான்: வணக்கம், நன்றி, எவ்வளவு, பிறகு என் பாடப் புத்தகத்திலிருந்து பொறுக்கிய உறவுமுறைகள். 'புரூடர்' என்றால் அண்ணனும்தான், தம்பியும்தான் என்று நான் சொன்னபோது, "ரெண்டுக்கும் ஒரே சொல்லோ? பாவம், இவைக்குச் சொல்லுத் தட்டுப்பாடு" என்று இரக்கப்பட்டவர் அவர். சிறைக்கு 'கெஃபெங்னிஸ்' என்று சொல்லிக் கொடுத்தேன். அம்மா அந்தச் சொல்லோடு மல்லுக்கட்டினார். சோறு வடிக்கும்போதும் சொல்லிப் பார்த்தார், உடுப்பு மடிக்கும்போதும் சொல்லிப் பார்த்தார்.

பெருநாளன்று நான் அரசியானேன். அம்மாவின் சிவப்புச் சேலையைச் சுற்றி, சொக்லேட் பெட்டியின் தங்கத் தாளில் அப்பா செய்த கிரீடத்தை வைத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்று, கீழே பேக்கரிக்கு இறங்க மறுத்தேன். சில வாரங்களுக்கு முன்பு பள்ளிக்கூடத்துத் திருவிழாவில் எல்லோரும் சூனியக்காரிகளாக வந்தபோது நான் மட்டும் நானாகவே போயிருந்தேன். அந்தக் குறை அன்று தீர்ந்தது.

மத்தியானம் பேக்கரியின் வான் வண்டியில் பொதிகளை ஏற்றினார்கள். நீலம் எல்லாம் ஏறியாயிற்று. பேக்கரி அங்கிள் ஒரு மஞ்சள் பொதியைத் தூக்கினார், நின்றார், முகர்ந்தார். இன்னொன்றைத் தூக்கி முகர்ந்தார். வறுத்த பயறும் மிளகும் ஏலக்காயும் கலந்த அந்த வாசம் எனக்கு நன்றாகத் தெரியும். நான்தான் முந்திக்கொண்டு பெருமையாகச் சொன்னேன்: "அது எங்கட அம்மா செய்தது!"

ஒவ்வொரு மஞ்சள் பொதியிலும், தோடம்பழத்துக்குக் கீழே, தாளில் சுற்றிய பயத்தம் பணியாரம் இருந்தது. முதல் நாள் அம்மா மேலே சுட்டு, யாருக்கும் சொல்லாமல் வைத்துக் கட்டியிருந்தார்.

பேக்கரி அங்கிள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு மாமூட்டையில் உட்கார்ந்துவிட்டார். அவர்களுடைய சமயத்தில் சாப்பாட்டுக்குப் பெரிய சட்டதிட்டம் உண்டு. எந்தச் சட்டி, எந்த எண்ணெய், யார் நெருப்பு என்று எல்லாம் பார்ப்பார்கள். சிறையில் இருப்பவர்கள் இந்தப் பேக்கரியின் பொதி என்ற நம்பிக்கையில்தான் யோசிக்காமல் வாயில் வைப்பார்கள். அந்த நம்பிக்கைக்குள் எங்கள் வீட்டுத் தாச்சிச் சட்டி புகுந்துவிட்டது.

அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "என்ன வேலை பாத்தனீர்?" என்றார். வேலை போய்விடும் என்று அவர் பயந்தது எனக்கு விளங்கவில்லை.

"சைவப் பலகாரம். இறைச்சி இல்லை, முட்டை இல்லை, குளிச்சிட்டுத்தான் சுட்டனான்" என்றார் அம்மா. "அதைவிடச் சுத்தம் என்ன இருக்கு?"

பேக்கரி அங்கிள் தங்கள் குருவுக்குப் போன் எடுக்க ஓடினார். நான் மணிக்கூட்டையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் சிறை, என் பட்டாளம், என் கிரீடம் எல்லாம் ஒரு பணியாரத்தால் கவிழப் போகிறதே என்று கிரீடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் திரும்பி வந்தார். பலகாரம் உலர்ந்தது, ஆறியது, தாளில் சுற்றியது. ஆகவே எடுத்துவிட்டால் போதும், மற்றவை பழுதில்லை என்று குரு சொல்லிவிட்டார். ஆனால் மஞ்சள் பொதிகள் எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டும். நீலத்தில் ஒன்றையும் தொட வேண்டியதில்லை. அம்மாவுக்கு ஆமிமேல் இருந்த கோபம் பட்டாளத்தின் பெருநாளைக் காப்பாற்றிவிட்டது.

பேக்கரி அன்ரி அம்மாவிடம் வந்தார். ஏன் இப்படிச் செய்தாய், அதுவும் இவர்களுக்கு மட்டும் ஏன் என்று கேட்டார். கோபமாக அல்ல, உண்மையிலேயே தெரிந்துகொள்ள. நான் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு இருவருக்கும் நடுவில் நின்று தமிழில் சொன்னேன். அம்மா பதில் சொல்ல வாயெடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, நீ போய் அப்பாவோட நில்."

"நான் இல்லாமல் எப்பிடிக் கதைப்பியள்?"

"நான் கதைக்கிறன். நீ போ."

கதவு சாத்தப்பட்டது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. நான் இல்லாமல் அம்மாவால் பேக்கரியில் ஒரு றாத்தல் பாண்கூட வாங்க முடியாது. அப்படிப்பட்டவர் உள்ளே என்னத்தைப் பேசிக் கிழிக்கப் போகிறார்? காதைக் கதவில் வைத்தேன். அப்பா என்னைச் சேலையோடு இழுத்துக்கொண்டு போனார்.

கதவு திறந்தபோது பேக்கரி அன்ரியின் கண்கள் சிவந்திருந்தன. வந்து பொதிகளை அவிழ்த்தார். பணியாரங்களில் ஒன்றையும் குப்பையில் போடவில்லை. எல்லாவற்றையும் ஒரு பெரிய கடதாசிப் பையில் சேர்த்து வானின் முன்பக்கம், தன் காலடியில் வைத்துக்கொண்டார். அவிழ்த்த ரிப்பன்களை அம்மாவிடமே நீட்டினார். அம்மாவின் விரல்கள் அன்று பறந்தன.

அதற்குப் பிறகு என்ன ஓட்டம்! பேக்கரி அங்கிள் வானை விரட்டினார், பின்னால் தோடம்பழங்கள் உருண்டன, நான் ஒரு கையால் கிரீடத்தையும் மறு கையால் இருக்கையையும் பிடித்துக்கொண்டேன். முதலில் பட்டாள முகாம். வாசலில் பச்சை உடுப்பும் தோளில் தொங்கிய துவக்குமாய் நான்கைந்து பேர் நின்றார்கள். அதுவரை துள்ளிக்கொண்டிருந்த நான் சட்டென்று குனிந்து, இருக்கைக்குக் கீழே இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். பேக்கரி அன்ரி கையைப் பிடித்து இறக்கினார். கண்ணாடி போட்ட ஒருவன் முன்னால் வந்தான். அவர்களுடைய மகன்தான், உடுப்பில் அடையாளம் தெரியவில்லை. துவக்கைப் பக்கத்திலிருந்தவனிடம் கொடுத்துவிட்டு, காலை அடித்து நிமிர்ந்து, அரசிக்கு சலூட் வைத்தான்.

நான் நீலப் பொதியைக் கொடுத்தேன். அவன் அங்கேயே பிரித்து ஒரு முக்கோணத்தை வாயில் திணித்துச் சிரித்தான். பல்லெல்லாம் கசகசா. பல்லில் கசகசா ஒட்டிய ஆமிக்காரனுக்கு எப்படிப் பயப்படுவது? மற்றவர்களுக்கும் ஓடி ஓடிக் கொடுத்தேன். யூதர் அல்லாதவர்களும் கை நீட்டினார்கள். அரசி என்ற முறையில் அவர்களைக் கண்டித்தேன்.

சிறைதான் என்னை ஏமாற்றிவிட்டது. கம்பி இல்லை, சங்கிலி இல்லை. வாசல் எங்கள் பள்ளிக்கூட வாசல் மாதிரியே இருந்தது. சூரியன் மலைப்பக்கம் சாய்ந்துகொண்டிருந்த நேரம். காவலர் மஞ்சள் பொதிகளை வாங்கி ஒரு வண்டிலில் அடுக்கினார். ஒரு கள்ளனைக்கூடப் பார்க்கவில்லை. முடிந்தது என்று நான் திரும்பினேன். பேக்கரி அன்ரி போகவில்லை. காவலரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். அவர் உள்ளே போய் வந்து தலையாட்டினார். இரண்டு தமிழ்ப் பையன்கள் இருக்கிறார்களாம். பேக்கரி அன்ரி கடதாசிப் பையை நீட்டினார். காவலர் ஒரு பணியாரத்தைப் பிட்டுப் பார்த்தார், முகர்ந்தார், மிளகு ஏறித் தும்மினார். பிறகு பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா படிக்கட்டிலேயே நின்றார். நான் ஆமிக்காரன் சலூட் வைத்த கதையை மூச்சுவிடாமல் தொடங்கினேன்.

"அது கிடக்கட்டும். பணியாரம் என்னவாம்?"

"சிறையில குடுத்தாச்சு. ரெண்டு தமிழ்ப் பெடியள் இருக்கினமாம், அவைக்கு."

அம்மா படியில் உட்கார்ந்தார். "வாங்கினவையோ?"

"வாசல்காரன்தான் கொண்டு போனவர்."

"குடுத்திருப்பார், என்ன? சாப்பிட்டிருப்பாங்கள்?"

"ஓம் அம்மா. இப்ப அந்த ஆமிக்காரன்ர கதையைக் கேளுங்கோ."

அம்மா கேட்டார். கேட்டுக்கொண்டே என் கிரீடத்தைக் கழற்றி, நசுங்காமல் மடியில் வைத்திருந்தார். அவருடைய கண்ணீரை நான் சலூட்டுக்கான ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்பாவின் வேலை போகவில்லை. அடுத்த வருடம் பேக்கரி அன்ரி அம்மாவைத் தங்கள் சமையலறைக்கே கூப்பிட்டு, தங்கள் சட்டியில், அங்கிள் மூட்டிய நெருப்பில் பயத்தம் பணியாரம் சுட வைத்தார். மஞ்சள் பொதிகளில் அது உரிமையோடு போனது. நீலத்திலும் போனது, அம்மா அதில் மட்டும் ஒன்று குறைத்து வைத்தார்.

அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா, சூரிச் வந்து சேர்ந்தபோது எனக்குச் சிறை பார்க்கும் ஆசையெல்லாம் தீர்ந்திருந்தது. அதுவரை அவர் கொழும்பில் படிக்கிறார் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் படிக்கவில்லை. அந்த வருடங்களில் ஆமி பிடித்துக்கொண்டு போய் ஒரு தடுப்பு முகாமில் அடைத்து வைத்திருந்தது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவருக்கு ஒரு பணியாரம் அனுப்ப அம்மாவுக்கு வழியிருக்கவில்லை. மாமா வந்த அன்று, அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த மூடிய கதவுக்குப் பின்னால் பேக்கரி அன்ரியிடம் என்ன பேசினார் என்று அம்மா எனக்குச் சொன்னார்.

ஒரு வசனம்கூட இல்லை. நெஞ்சில் கையை வைத்து, "புரூடர். கெஃபெங்னிஸ்" என்றாராம். அவ்வளவுதான்.

இரண்டு சொல்லையும் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒன்றாகச் சேர்த்தால் என்ன வரும் என்று எனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்தது.