பாட்டுக்குள் அடிக்கும் தொலைபேசி

இத்தாலிய ஊரான பகேரியாவில் ஒரு பழைய மாளிகையில் நான் சமையல்காரியாக இருந்தபோது, இங்கிலாந்து ராக் குழு ஒன்று தன் முதல் ஆல்பத்தை அங்கே ஒலிப்பதிவு செய்தது. பதிவு நடக்கும்போது சத்தமே கூடாது என்று வீட்டுக்கார அம்மா, சிஞோரா, சொல்லியிருந்தார்.

ஒருநாள் பாட்டின் நடுவே சமையலறைத் தொலைபேசி அடித்தது. எடுத்தால் என் குரலும் பதிவாகிவிடும் என்று பயந்து, அது ஓயும்வரை அசையாமல் நின்றேன். மாலையில் கொழும்பிலிருந்து அக்கா மறுபடி அழைத்தார்.

"அம்மா உன்னோட கதைக்கவேணும் எண்டவ. ஏன் எடுக்கேல்லை? இப்ப அவ இல்லையடி."

இதெல்லாம் பாடகனுக்குத் தெரியாது. அந்த மணியோசை பிடித்துப்போய் அதைப் பாட்டிலேயே விட்டுவிட்டான். போகும்போது எனக்கும் ஒரு கசெட் தந்தான்.

இப்போதும் வீட்டில் அதைப் போட்டால், மணி அடிக்கும் இடம் வந்ததும் என் கணவர் நிறுத்தப் போவார்.

"நிப்பாட்டாதேங்கோ," என்பேன். "அம்மா கூப்பிடுறா."