அண்ணா தந்த கார்

அண்ணா எனக்குத் தன் காரைச் சும்மா தந்தார். இந்தச் செய்தியை நானாக யாருக்கும் சொல்ல வேண்டி வந்ததே இல்லை. அண்ணி சொல்லிக்கொள்வார். பிறந்தநாள் வீட்டிலும் பெண் பிள்ளைகளின் சாமத்திய வீட்டிலும் செத்த வீட்டிலும்கூட யாராவது ஓர் அன்ரி என் கையைப் பிடித்துக்கொள்வார். "இந்தக் காலத்திலை ஆர் தங்கச்சிக்குக் கார் குடுக்கினம்? நீர் குடுத்து வைச்ச ஆள்." நானும் ஓம் ஓம் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன்.

உண்மையில் அப்போது நான் அப்படித்தான் நினைத்தேன். கணவர் பிரிந்துபோன பிறகு ரொறன்ரோவில், டோர்செட் பார்க்கில் ஒரு மாடி வீட்டில் நானும் மகளும் இருக்கிறோம். வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் குளிக்க வார்த்து, சாப்பாடு கொடுத்து, மருந்தும் எடுத்துக் கொடுப்பது என் வேலை. பனிக்குள் நின்று பஸ் பிடித்து அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள், அந்த வீட்டு அம்மா பசியில் சுருண்டு படுத்திருப்பார். கார் வந்த பிறகுதான் எனக்கு மூச்சு விட முடிந்தது. ஓடி ஓடிக் களைத்த கார்தான். அதன் மீற்றரைப் பார்த்தால் உலகத்தைப் பல தடவை சுற்றி வந்ததுபோல இருக்கும். ஆனால் அண்ணா ஓடிய கார். அதைவிட வேறென்ன உத்தரவாதம் வேண்டும்?

கொஞ்ச மாதத்தில் முன்பக்கத்தில் சத்தம் தொடங்கியது. பள்ளத்தில் விழுந்தால் டொக், மேட்டில் ஏறினால் டொக் டொக். ரொறன்ரோ றோட்டுகளில் பனிக்காலம் முடிந்தால் பள்ளத்துக்கு என்ன பஞ்சம்? பின்சீற்றில் இருக்கும் என் மகள் அதை ஒரு விளையாட்டாக்கிவிட்டாள். யாரோ கதவைத் தட்டுகிறார்களாம். டொக் டொக் என்றதும், "ஹூ இஸ் இற்?" என்று கத்துவாள். நான் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பெயர் சொல்ல வேண்டும். சிரித்துச் சிரித்தே வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய் வந்தோம்.

அண்ணாவிடம் சொன்னேன். அவர் என் காரில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்.

"பழைய கார் எண்டால் கொஞ்சம் முனகும்தானே. வயசு போனால் நாங்களும் முனகத்தான் போறம்" என்று பகிடி விட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வேறை கராஜிலை கொண்டுபோய்க் காட்டாதை. தனியப் போற பொம்பிளையைக் கண்டால் மொட்டை அடிச்சுப்போடுவாங்கள். என்னெண்டாலும் எனக்குச் சொல்லு" என்றார்.

என் மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். கண் கலங்கியதும் உண்மை. அண்ணா தந்த சாமானை இன்னொருவனிடம் கொண்டுபோய் இது சரியா பிழையா என்று கேட்பது எங்கள் குடும்பங்களில் இல்லாத பழக்கம். அப்படிக் கேட்டால் அண்ணாவை நான் நம்பவில்லை என்று அர்த்தம். அது அண்ணியின் காதுக்குப் போனால் பிறகு நான் எந்தக் கொண்டாட்டத்துக்கும் முகம் காட்ட முடியாது. அதனால் காட்டவில்லை.

இந்த வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிறம்ரனில் இருக்கும் அண்ணா வீட்டில் சாப்பிட்டுவிட்டு 401 நெடுஞ்சாலையில் திரும்பி வந்துகொண்டிருந்தேன். முன்னால் போன வாகனங்கள் திடீரென்று நின்றன. நான் பிரேக்கை அழுத்தியதும் ஸ்ரியரிங் என் கையைப் பறித்துக்கொண்டு ஒரு பக்கம் இழுத்தது. பக்கத்து லேனில் வந்த பெரிய லொறி ஹோர்ன் அடித்தது. அந்தச் சத்தம் இன்னும் என் நெஞ்சுக்குள் நிற்கிறது. மகள் பின்னால் நித்திரை. எப்படியோ காரை நேராக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். நிலக்கீழ் பார்க்கிங்கில் நிறுத்திவிட்டு, மகளை எழுப்பாமல் அப்படியே இருந்தேன். அண்ணா கோபித்தாலும் பரவாயில்லை, கராஜில் காட்டுவது என்று அப்போதுதான் முடிவெடுத்தேன்.

நான் பார்க்கப் போகும் முதியவர் ஒருவரின் மகன் ஒரு கராஜைக் காட்டிவிட்டார். அங்கே வேலை செய்தவர் இலங்கையில் கிழக்குக் கரையைச் சேர்ந்த முஸ்லிம். வாய் ஓயாத மனிதர். காரை உயர்த்தியதும் ஒரு லைற்றைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார்.

"தங்கச்சி, இஞ்ச வந்து பாருங்க."

முன்சில்லைத் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கை ஒன்று இருக்கிறது. அந்தக் கை காரின் உடம்போடு சேரும் இடத்தில் தடித்த ரப்பர் வளையம் ஒன்று. அதைத்தான் புஷ் என்கிறார்கள். இரும்போடு இரும்பு முட்டாமல் அடியை எல்லாம் தான் வாங்கிக்கொள்வது அதன் வேலை. பார்த்தால் கறுப்பாக, நல்லதாகத்தான் தெரிந்தது. அவர் ஸ்குரூ ட்ரைவரால் நெம்பினார். கறுப்புத் தோல் ஒன்று பாலாடைபோல உரிந்து வந்தது. அதற்குள்ளே ரப்பர் சுற்றிவரக் கிழிந்து கிடந்தது.

"இது ரப்பர் இல்ல. காரிர முன் கண்ணாடி ஒட்டுற பசை. கிழிஞ்ச இடத்துக்குள்ள ஆரோ அடைச்சிரிக்காங்க. கொஞ்சக் காலம் சத்தம் கேக்காது. செக் பண்றவனும் மேலாலதான் பாப்பான். ஆரு பாத்த வேல இது?"

அண்ணாவின் தொழில் காருக்குக் கண்ணாடி மாற்றுவது. அவருடைய நகக்கண்ணில் எப்போதும் அந்தக் கறுப்பு இருக்கும். என் மகளின் பிறந்தநாளுக்குக் கேக் ஊட்டிய கையிலும் இருந்தது. என்ன கழுவினாலும் போகாது என்று அண்ணி குறைப்படுவார்.

"தெரியாது" என்றேன். அந்த நேரத்திலும் அண்ணாவைக் காட்டிக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. அதை நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அவர் வேலையைச் செய்யச் செய்ய நான் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து பார்த்தேன். இரும்புக் கைகளைக் கழற்றி, அழுத்தும் இயந்திரத்தில் வைத்துப் பழைய புஷ்ஷைத் தள்ளி எடுத்தார். புதியதை இறக்கினார். ஆனால் கடைசி முறுக்கு முறுக்கவில்லை. காரைக் கீழே இறக்கி, பாரம் முழுவதும் சில்லில் நின்ற பிறகுதான் இறுக்கினார். அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால், காரை இறக்கியதும் புது ரப்பர் முறுகிக் கெதியாகக் கிழிந்துவிடுமாம். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். மனம் வேறு கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. காரை விற்கப் போனால் வாங்குபவன் கேள்வி கேட்பான். தங்கச்சி கேட்க மாட்டாள். அதோடு நல்ல பெயரும் கிடைக்கும். பழைய புஷ் ஒன்றைக் கடதாசியில் சுற்றித் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இது ஆபத்து என்று அண்ணாவுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். சத்தத்தை அடைக்கத்தான் பூசினார் போலும். இப்படியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அடுத்த ஞாயிறு பிறம்ரனுக்குப் போனேன். காரில் ஒரு சத்தமும் இல்லை. "நொக் நொக் எங்கை அம்மா?" என்று மகள் கேட்டுக்கொண்டே வந்தாள்.

சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் ஐஸ்கிரீம் கேட்டார்கள். "வாங்கோ, நான் கூட்டிக்கொண்டு போறன்" என்று நான் எழும்பினேன். மனதில் எந்தத் திட்டமும் இருக்கவில்லை. என் மகள் முதலில் ஓடிப்போய்ப் பின்சீற்றில் ஏறிப் பெல்ற் போட்டுக்கொண்டாள். அண்ணாவின் பிள்ளைகள் இரண்டும் பின்னால் ஓடின. சின்னவன் கதவைப் பிடித்து ஏறவும் செய்துவிட்டான்.

"உதிலை ஏறாதேங்கோ!" அண்ணா செருப்பும் போடாமல் ஓடி வந்தார். "இறங்கடா! அப்பான்ரை வானிலை போவம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கார் என்னிடம் வந்த பிறகு அவருடைய பிள்ளைகள் ஒரு தடவைகூட அதில் ஏறியதில்லை. கோயிலுக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் ஏதாவது ஒரு சாட்டு இருக்கும். இடம் காணாது, சீற் சரியில்லை, வான் சும்மாதானே நிற்குது. நானும் எல்லாவற்றையும் நம்பினேன்.

இரண்டு பிள்ளைகளும் இறங்கி நின்றார்கள். என் மகள் உள்ளேயே இருந்தாள். அவளை இறங்கு என்று அவர் சொல்லவில்லை. அவள் இருந்த பக்கம் அவருடைய கண் போகவே இல்லை.

நான் கைப்பையில் இருந்த கடதாசிச் சுற்றைப் பிரித்து அந்தப் பழைய புஷ்ஷை அவர் கையில் வைத்தேன். கிழிந்த ரப்பரில் பசை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் முகம் கறுத்தது. வாசலில் நின்ற அண்ணி உள்ளே போய்விட்டார்.

"புதுசு போட்டாச்சு" என்றேன்.

அண்ணா பெரிதாக ஒரு மூச்சு விட்டார். வெட்கப்படுவார், ஒரு சொல்லாவது மன்னிப்புக் கேட்பார் என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது.

"அதை முதலே சொல்லியிருக்கலாம்தானே. நான் பயந்துபோனன்" என்றார். பிறகு திரும்பித் தன் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துவிட்டார். "சரி, இப்ப ஏறுங்கோ."