கற்பகம் என்ற தந்தி விலாசம்

தந்தி விலாசம் பதியும் வேலை, வருகிறவர் விரும்பும் பெயர் ஏற்கெனவே வேறொருவரிடம் இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லும் வேலை. வியாபாரிகள் முழு விலாசத்துக்கும் சொல்லுக்குச் சொல் காசு கட்டாமல், ஒரே சொல்லைத் தங்கள் பெயராகத் தபால் கந்தோரில் பதிந்து வைப்பார்கள். அந்தச் சொல்லையும் ஊர்ப் பெயரையும் போட்டால் தந்தி அவர்கள் கைக்கு வந்துவிடும். ஒரு கந்தோரில் ஒரு சொல் ஒருவருக்குத்தான். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். கவுண்டருக்கு உள்ளே இருந்து ஏச்சு வாங்கிய எவருக்கும் மிச்சத்தை நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான், வேலையோ தற்காலிகம். ஒவ்வொரு ஏச்சும் மேலிடத்துக்குப் போய்விடுமோ என்று பயந்துகொண்டே இருந்தேன். கீழே வருவதில் பாதி நான் கண்டது. மீதி, தந்தி கொண்டுபோகும் நல்லையா அண்ணை சொல்லிக் கேட்டது.

ஒரே அம்மன்

இது நான் வேலைக்கு வருமுன் நடந்தது. ஒரே ஊர் வியாபாரிகள் இருவர், ஒரே கோயிலில் கும்பிட்டு, ஒரே அம்மனின் பெயரைப் பதிய ஒரே கிழமையில் வந்திருக்கிறார்கள். இரண்டாமவர் ராகுகாலம் கழியட்டும் என்று வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தபோது முதலாமவர் பதிந்துவிட்டுப் போய்விட்டார். வேறு பெயர் சொல்லுங்கள் என்றாராம் போஸ்ட்மாஸ்டர். அதற்கு வந்த பதிலை நல்லையா அண்ணை அப்படியே சொல்லிக் காட்டுவார்:

"அம்மன் தந்த பேரை இல்லையெண்டு சொல்ல நீர் ஆர்?"

வேறு பெயர்

சின்னத்துரை அண்ணை இங்கே இறுப்பிட்டி என்ற ஊர்க்காரர். தெற்கே ஒரு பட்டினத்தில் கடை வைத்திருந்தார். எண்பத்து மூன்று கலவரத்தில் கடை எரிந்தது; உடுத்த சாரத்தோடு கப்பலில் ஊர் வந்து சேர்ந்தார். கருவாடும் பனங்கட்டியும் கொழும்புக்கு அனுப்பி மறுபடி தொடங்கலாம் என்று நினைத்தார். ஆனால் கொழும்புத் தரகர்களுக்கு அவரைக் 'கற்பகம்' என்றுதான் தெரியும். அது அவருடைய பழைய தந்தி விலாசம். அந்தப் பெயரில் கேட்டால் சாமானை நம்பி எடுப்பார்கள். வேறு பெயரென்றால் முன்பின் தெரியாத ஆள்.

எங்கள் கந்தோரில் கற்பகம் அவருடைய மச்சானிடம் இருந்தது. இருவரும் ஒருகாலத்தில் கூட்டு. பிரிந்து ஊருக்கு வந்த மச்சான், கூட்டுக் கடையின் அந்தப் பெயரை இங்கே தன் பேரில் பதிந்துவிட்டு, பிறகு ஜெர்மனிக்குப் போய்விட்டார். தந்தி எதுவும் வருவதில்லை. இருந்தும் அவருடைய மனைவி பூமணி அக்கா தவறாமல் புதுப்பித்து வந்தார். பூமணி அக்கா சின்னத்துரை அண்ணையின் கூடப்பிறந்த தங்கச்சி. பிரிந்த நாள் முதல் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

வேறு பெயர் ஒன்றை யோசியுங்கள் என்று நான் பணிவாகத்தான் சொன்னேன்.

"பேரை மாத்தினால் நான் ஆரெண்டு தரகனுக்கு ஆர் தம்பி சொல்லுறது?"

பூக்கட்டிப் பார்த்தது

ஒரு கிழமை வேறு பெயர்கள் யோசித்தார். ஒன்றும் வாயில் நிற்கவில்லை. கடைசியில் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தாராம். சிவப்புச் செவ்வரத்தம்பூ வந்தால் கற்பகத்துக்குக் காத்திருப்பது, வெள்ளை நந்தியாவட்டை வந்தால் புதுப் பெயர். பொட்டலத்துக்கு ஒரு பூவாகக் கட்டிய இரண்டு இலைப் பொட்டலங்களை அம்மன் முன் வைத்து ஐயர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த நாள் நான் கந்தோர் திறக்கும்போதே வாசலில் நின்றார்.

"அம்மன் சிவப்புத் தந்திட்டா. இனி உம்மடை பாடு."

ஞாபகப்படுத்தியது

அந்த வருடம் புதுப்பிக்க வேண்டிய கடைசி நாள் பூமணி அக்கா வந்தார். ஜெர்மனிக்கு எழுத ஒரு வான்கடிதத் தாள் மட்டும் கேட்டார். சின்னத்துரை அண்ணையை நினைத்தால் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் தவணை முடிகிறதென்று சொல்வது என் கடமை. சொன்னேன். அவர் கவுண்டரிலேயே தாளை விரித்து எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே, நிமிராமல் சொன்னார்:

"மறந்துபோனன் எண்டு இவருக்கு எழுதுறன் தம்பி. மறந்ததுக்கு ஆர் என்ன செய்யேலும்?"

ஜெர்மனித் தந்தி

தவணை கடந்தது, கற்பகம் சின்னத்துரை அண்ணையின் பேருக்கு வந்தது. கொழும்பிலிருந்து தந்தி வரும் என்று எல்லோரும் பார்த்திருந்தோம். முதலில் வந்தது ஜெர்மனியிலிருந்து. கடிதம் போய்ச் சேருமுன்பே மச்சான் பழைய பழக்கத்தில் 'கற்பகம்' என்று போட்டு மனைவிக்கு அடித்த தந்தி: 'பெயர் புதுப்பித்தாயா, உடன் பதில்.' பெயர் யாருடையதோ அவரிடம் கொடுப்பதுதான் விதி. நல்லையா அண்ணை கொண்டுபோய்க் கொடுத்தார். சின்னத்துரை அண்ணை அதை எடுத்துக்கொண்டு கந்தோருக்கு வந்தார்.

"விலாசம் என்ரை, கேள்வி அவளுக்கு. இதை நான் என்ன செய்ய?"

கொடுத்ததோடு எங்கள் பொறுப்பு முடிந்தது என்றேன். அவர் சைக்கிளைத் தங்கச்சி வீட்டு ஒழுங்கைப் பக்கம் திருப்பினார்.

அடுத்த நாள் பதில் அடிக்க இருவரும் ஒன்றாக வந்தார்கள். அண்ணர் நடந்ததையெல்லாம் எழுதப் பார்த்தார். தங்கச்சி பேனையை வாங்கிக்கொண்டார்.

"நீட்டாதை அண்ணை. பேர் வீட்டிலைதான் இருக்கு எண்டு போட்டால் காணும்."

பிறகு

பூக்கட்டிய கதை நல்லையா அண்ணை வாய்வழி வந்தது என்பதால், இதை எழுதுமுன் ஐயரையே கேட்டுப் பார்த்தேன். பூக்கட்டியது உண்மை. அன்று கோயிலில் பூத்தொண்டுக்கு வந்திருந்து பொட்டலம் கட்டிக் கொடுத்தவர், யாருக்காக என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, இரண்டிலும் செவ்வரத்தம்பூவையே வைத்த பூமணி அக்கா. ஆக, அந்தப் பெயரைப் பதிந்தது நானல்ல, என் கையெழுத்து மட்டும்தான் கந்தோரில் கிடக்கிறது.