கம்பத்தில் முப்பத்திரண்டு எழுத்துகள்

போன வாரம் ஓர் இளம் ஆசிரியர் இந்த வலைப்பூவைப் படித்துவிட்டு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். கம்பம் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மூன்று நாள் கணினி வகுப்பு எடுக்கப் போகிறாராம். "நீங்கள் அந்தப் பக்கம் போயிருக்கிறீர்களாமே, என்னென்ன எடுத்துக்கொண்டு போகலாம்?" என்று கேட்டிருந்தார். நான்கு வரியில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். நீண்டுவிட்டது. அதனால் எல்லோருக்குமாக இங்கேயே போடுகிறேன்.

நான் போனது எண்பதுகளின் பின்பாதியில், ஒரு தை மாதம். அப்போது எனக்கு இருபத்தேழு வயது, மதுரையில் கணக்கு ஆசிரியை. எங்கள் பள்ளிக்கு ஒரு கணினி வந்திருந்தது. இன்றைய பிள்ளைகள் பார்த்தால் விசைப்பலகை மட்டும்தான் இருக்கிறது, மீதி எங்கே என்று கேட்பார்கள். அதை டி.வி.யோடு இணைக்க வேண்டும். நிரல்கள் பாட்டுக் கேசட்டில் இருக்கும். டேப் ரெக்கார்டரில் போட்டு ஓடவிட்டால் கீச்சென்ற சத்தத்தோடு நாலைந்து நிமிடத்தில் ஏறும். மின்சாரம் போனால் ஏறியது அத்தனையும் போய்விடும்.

விடைத்தாள் திருத்தும் முகாமில் பழக்கமானவர் எஸ்தர் டீச்சர். கம்பத்தில் ஒரு பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை. அவர்தான் கூப்பிட்டார். காரணமும் சொன்னார். "எங்க தாளாளரு வாழைக்காய் மண்டிக்காரரு. கம்ப்யூட்டர் வாங்கித் தாங்கன்னா, பொம்பளப் பிள்ளைகளுக்கு அது எதுக்குன்னு கேக்குறாக. சனிக்கிழமை சாயங்காலம் வந்து பாக்கச் சொல்லிருக்கேன். அவுக பாத்துச் சரின்னாத்தான் உண்டு." எங்கள் தலைமையாசிரியரிடம் கெஞ்சி இயந்திரத்தையும் பதினான்கு அங்குல டி.வி.யையும் வாங்கிக்கொண்டு, மூன்று நாள் விடுப்பும் எழுதிக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை காலை 6.10க்கு மதுரையில் பஸ் ஏறினேன். தேனிக்கு எழுபத்தாறு கிலோமீட்டர். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியாக 8.25க்குப் போய்ச் சேர்ந்தது. டி.வி. பெட்டியை மடியில் பாதியும் சீட்டில் பாதியுமாக வைத்துக்கொண்டு வந்ததில் இடது கால் மரத்துப் போயிருந்தது. தேனியில் கம்பம் பஸ்ஸுக்கு மாற வேண்டும். கண்டக்டர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆளே நிக்க எடமில்ல, இதை எங்கன வைக்கிறது?" என்று விசில் கொடுத்துவிட்டார். அடுத்த பஸ்ஸிலும் அதே பதில்.

பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு வேனில் மைக் செட் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதன் சொந்தக்காரர் பெயர் சேவியர். முப்பத்தைந்து வயதிருக்கும். கம்பத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறார். நான் திண்டாடுவதைப் பார்த்து அவரே வந்தார். "கம்பம்தானே டீச்சர்? நம்ம வண்டியில ஏறுங்க. டி.வி.யை மெத்தையில சுத்தி வச்சுருவோம், நோகாமப் போயிரும்." சொன்னபடியே வைத்தார். கேசட்டுகள் இருந்த என் துணிப்பையையும் வாங்கி, குழாய் ஸ்பீக்கர்களுக்கு நடுவில் பத்திரமாகச் சொருகினார்.

நாற்பது கிலோமீட்டர். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று வழி நெடுக இரண்டு பக்கமும் பச்சை, அதற்குப் பின்னால் மலை. உத்தமபாளையம் தாண்டினால் திராட்சைப் பந்தல்கள். ஒரு பந்தலருகே நிறுத்தி அரைக் கிலோ பன்னீர் திராட்சை வாங்கிக் கொடுத்தார் சேவியர். 10.50க்கு இறங்கினோம். வாடகை வாங்க மாட்டேன் என்றுவிட்டார். "அந்தக் கம்ப்யூட்டரை ஒரு நிமிசம் பாத்துட்டுப் போறேன், அது போதும்."

வகுப்பில் முப்பத்துநான்கு பெண்கள், எல்லோரும் ஒன்பதாம் வகுப்பு. நான் இயந்திரத்தை இணைத்தேன். கேசட்டைப் போட்டேன். அதில் ஆறு விளையாட்டுகளும் இரண்டு கணக்குப் பாடங்களும் இருந்தன. சனிக்கிழமை தாளாளருக்குக் காட்டவேண்டியதும் அவைதான். ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று. திரையில் தேடுகிறேன் என்ற ஒரே ஆங்கிலச் சொல்தான். மாற்றுக் கேசட்டைப் போட்டேன். அதுவும் அப்படியே.

கதவோரம் நின்றிருந்த சேவியர் உள்ளே வந்து டேப் ரெக்கார்டரில் காதை வைத்துக் கேட்டார். முகம் மாறிவிட்டது. "டீச்சர், இது சத்தம் மழுங்கிக் கெடக்கு. அழிஞ்சு போச்சு. ஸ்பீக்கருக்குப் பின்னால பெரிய காந்தம் இருக்கும். நாந்தேன் பையை அதுக நடுவுல வச்சுட்டேன்." அவர் மறைத்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. அந்த நேர்மையைப் பாராட்டும் நிலையில் அப்போது நான் இல்லை. அசல் கேசட்டுகள் மதுரையில் பள்ளி அலமாரிக்குள். சாவி வைத்திருப்பவர் கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போயிருந்தார். எஸ்தர் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

திரையில் வெறும் கோடு ஒன்று மட்டும் மின்னி மின்னி மறைந்தது. முன்வரிசையில் இருந்த பிலோமினா கேட்டாள்: "டீச்சர், அது எதுக்குக் கண்ணடிக்குது?"

"நீ ஏதாவது சொல்லுவியான்னு காத்திருக்கு" என்றேன். வேறு என்ன சொல்வது? அவளைக் கூப்பிட்டு அவள் பெயரைத் தட்டச் சொன்னேன். ஆங்கிலத்தில் வந்தது. இரண்டே வரி நிரல் எழுதித் திரை முழுக்க அவள் பெயரை ஓடவிட்டதும் வகுப்பு முழுதும் எழுந்து நின்றுவிட்டது. வரிசையாக வந்து தட்டினார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி மட்டும் வரவில்லை. பெயர் பாண்டியம்மாள். அம்மா தினமும் விடிகாலையில் ஜீப்பில் கேரளத்து ஏலத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்.

"நீ வரலையா?"

"எம் பேரு தமிழ்ல வருமா டீச்சர்?"

வராது என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த இயந்திரத்துக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நாமே எழுத்தை வரைந்து கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும். எட்டுக்கு எட்டுக் கட்டம். எந்தக் கட்டம் கறுப்பு, எது வெள்ளை என்று எண்ணாகச் சொல்ல வேண்டும். அப்படி முப்பத்திரண்டு எழுத்துக்குத்தான் இடம். அதை எந்த வகுப்பிலும் நான் எடுத்ததில்லை, ஒன்பதாம் வகுப்புக்குக் கடினம் என்று நினைத்திருந்தேன்.

"வரும். ஆனா நீதான் வரையணும்" என்றேன்.

கட்டம் போட்ட கணக்கு நோட்டை எடுக்கச் சொன்னேன். எட்டுப் பத்திகளுக்கும் தலையில் 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று எழுதவைத்தேன். நிரப்பிய கட்டங்களின் எண்ணைக் கூட்டினால் அந்த வரிசைக்குரிய எண். மளிகைக் கடைக்காரர் மகள் ஒருத்தி சட்டென்று, "எடைக்கல்லு மாதிரி டீச்சர். இந்த எட்டுக் கல்லு இருந்தா இருநூத்தம்பத்தஞ்சு வரைக்கும் எதை வேணாலும் நிறுத்துரலாம்" என்றாள். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. முதலில் வந்தது ப. ஆறு தடவை 132, ஒரு 252, ஒரு பூஜ்யம். திரையில் அது தெரிந்தபோது எஸ்தர் டீச்சரே நாற்காலியை இழுத்துப் போட்டு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை முழுக்கச் சண்டைதான். முப்பத்துநான்கு பெயர்களுக்கும் எத்தனை எழுத்து வேண்டும் என்று கரும்பலகையில் எண்ணினோம். அறுபத்தொன்று. இடம் முப்பத்திரண்டு. பிலோமினா ஒரு வழி கண்டுபிடித்தாள்: கா, மா, ரா என்று தனித்தனியாக வேண்டாம், கால் ஒன்றை மட்டும் தனியாக வரைந்தால் எல்லாருக்கும் ஒட்டிக்கொள்ளலாம். கொம்புக்கும் அப்படியே. புள்ளியை மேல் வரியில் தனியாக வைத்துக்கொள்ளலாம். நாற்பத்து மூன்றாகக் குறைந்தது. அப்புறம் சிலர் வீட்டுப் பெயருக்கு மாறினார்கள். பிலோமினா மினா ஆனாள். பாண்டியம்மாள் மட்டும் அசையவில்லை. "குறைக்க மாட்டேன் டீச்சர். முழுப்பேரும் வரணும்."

அவள் பெயரில் உள்ள ண எட்டுக் கட்டத்தில் அடங்கவே இல்லை. மூன்று சுழியும் நசுங்கின. கடைசியில் பக்கம் பக்கமாக இரண்டு எழுத்தின் இடத்தை, இரண்டு முழுக் கட்டத்தைக் கொடுப்பது என்று வகுப்பே கூடி முடிவு செய்தது. அதற்காக இன்னொருத்தி தன் பெயரைச் சுருக்கிக்கொண்டாள், கணக்கு முப்பத்திரண்டில் முடிந்தது. பாண்டியம்மாள் தட்டியபோது எழுத்தின் நடுவில் ஒரு கட்டைக் கோடு விழுந்தது. நான் உதவிக்குப் போனேன். அவள் கையால் மறித்தாள். "இருங்க டீச்சர். ஆறு கட்டம் சேர்ந்தாப்ல நெரம்பியிருக்கு. அப்படின்னா அறுபத்துமூணு." நோட்டைப் பார்த்தாள். "முப்பத்தாறை மாத்தித் தட்டிட்டேன்." திருத்தினாள். நான் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன்.

இந்த இரண்டு நாளும் சேவியர் கல்யாண வேலைக்கு நடுவே வந்துவந்து போனார். மின் அழுத்தம் குறைந்து திரை சுருங்குவதைப் பார்த்துத் தன் ஸ்டெபிலைசரைக் கொண்டுவந்து வைத்தார். பழைய பாட்டுக் கேசட் ஒன்றும் கொடுத்தார், நிரலைப் பதிந்துகொள்ள. அந்தக் கேசட்டில் பதிவு சரியாக விழவில்லை. ஆகவே ஒவ்வொரு எழுத்தின் எண்களையும் ஒரு சீட்டில் எழுதி, வரைந்தவளிடமே கொடுத்து வைத்தோம்.

சுருளி அருவி பத்து கிலோமீட்டர்தான், ஆனால் நான் போகவில்லை. நேரமில்லை. நீங்கள் போங்கள்.

சனிக்கிழமை நாலு மணி. தாளாளர் வந்தார், வெள்ளை வேட்டி, கையில் துண்டு. அவரோடு மண்டி ஆட்கள் இருவர். பின்னால் பிள்ளைகளின் அம்மாக்கள் இருபது பேர் போல. முதல் நான்கு பெயர்கள் திரையில் வந்தன. 4.20க்கு மின்சாரம் போயிற்று.

4.45க்குத் திரும்பியது. திரையில் அதே வெறும் கோடு. தாளாளர் எழுந்துவிட்டார். "அவ்வளவுதானா? சரி டீச்சர், கரண்டு நின்னா மறந்து போற மிசினுக்கு இம்புட்டு வெலையா?"

பாண்டியம்மாள் எழுந்தாள். "ஐயா, அதுதான் மறந்திருச்சு, நாங்க மறக்கல. கொஞ்ச நேரம் உக்காருங்க." சீட்டை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் போக, மற்றவர்கள் பின்னால் வரிசையில் நின்றார்கள். ஒருத்தி எண்களை உரக்க வாசிக்க, ஒருத்தி தட்ட, ஒவ்வொரு எழுத்தாகத் திரையில் வந்து உட்கார்ந்தது. தவறு வந்தால் அடுத்தவள் சொல்லித் திருத்தினாள். என்னை ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு நிமிடம். தாளாளர் முதலில் நின்றபடி பார்த்தார், பிறகு உட்கார்ந்தார், பிறகு நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டார்.

பாண்டியம்மாள் பெயர் வந்தபோது, தோட்டத்திலிருந்து ஜீப்பில் நேரே வந்திருந்த அவள் அம்மா கேட்டார்: "ஏத்தா, இதுதான் உம் பேரா?"

"ஆமாம்மா. இது ண. ரெண்டு கட்டம்."

தாளாளர் தொண்டையைச் செருமினார். "எம் பேரு வருமா?" அவர் பெயர் கிருஷ்ணசாமி.

பிள்ளைகள் கூடிப் பேசினார்கள். பிலோமினா முன்னால் வந்தாள். "ஐயா, கி இல்ல, ரு இல்ல, ஷ் இல்ல. உங்களுக்காக மூணு பேரை அழிக்கணும். வீட்டுல உங்களைச் சின்னப் பேரு வச்சுக் கூப்புடுவாகளா?" எஸ்தர் டீச்சருக்கு வியர்த்துவிட்டது. தாளாளர் பலமாகச் சிரித்தார். "யாரையும் அழிக்க வேணாம். ஜூன்ல நம்ம பள்ளிக்கூடத்துக்குன்னு ஒண்ணு வாங்கிப் போடுறேன். அப்ப எழுதிக் காட்டுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை 7.15 பஸ்ஸில் நேராக மதுரைக்கு இடம் கிடைத்தது. மூன்று வாரம் கழித்து எங்கள் பள்ளி முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. பின்பக்கம் முழுக்க எண்கள், எட்டெட்டாக நான்கு வரிசை. கீழே பாண்டியம்மாள் எழுதியிருந்தாள்: "டீச்சர், இது ஷ. நாலு கட்டம். இங்கே இன்னும் மிசின் வரவில்லை. நீங்கள் தட்டிப் பார்த்து, சரியாக வந்ததா என்று எழுதவும்." தட்டினேன். ஒரு கால் ஒடிந்திருந்தது. சரியான எண்ணைச் சொல்லாமல், "மூன்றாம் கட்டத்தில் கீழிருந்து இரண்டாவது வரிசையைப் பார்" என்று மட்டும் பதில் போட்டேன். அடுத்த அட்டையில் சரியாக வந்தது. ஜூன் மாதம் மிசின் வரும்வரை அப்படியே பதினோரு அட்டைகள்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். மடிக்கணினியில் எழுத்துரு நிறைய இருக்கும், அதை எல்லாம் மூடிவிட்டு முதல் நாள் கட்டம் போட்ட நோட்டிலிருந்தே தொடங்குங்கள். ஆளுக்கு இரண்டு தாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், அழித்து அழித்துக் கிழிப்பார்கள். பிற்பகலில் மின்வெட்டு எத்தனை மணிக்கு என்று போன உடனே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மதுரையில் ஆறு மணி வண்டியைப் பிடித்தால் பதினோரு மணிக்கு வகுப்பில் இருக்கலாம். தை, மாசியில் போனால் பன்னீர் திராட்சையும் கிடைக்கும். பிள்ளைகள் தட்டும்போது உங்கள் கை தானாக விசைப்பலகைக்குப் போகும். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். எனக்கு அது மூன்று நாளும் கஷ்டமாகத்தான் இருந்தது.